பட்டன் அக்கா கேட்காத ஒன்பது பாட்டுகள்

எங்கள் காது மருத்துவமனைக்கு வருகிறவர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "பட்டன் அக்கா இன்னைக்கு இருக்காங்களா?" என்றுதான் முன்மேசையில் என்னிடம் கேட்பார்கள். செவித்திறன் சோதிப்பது அவர் வேலை. குளியலறை அளவுள்ள கண்ணாடிக் கூண்டுக்குள் நோயாளியை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார். "சத்தம் கேட்டதும் அமுக்குங்க. எறும்பு நடக்குற மாதிரி கேட்டாலும் அமுக்குங்க. கேட்டுச்சா கேக்கலியான்னு சந்தேகம் வந்தாலும் அமுக்குங்க." பதினான்கு வருஷமாக இதே மூன்று வாக்கியம். எழுபது வயதுக்காரர்களுக்கும் அவர் அக்காதான்.

பொல்லாத காது அவருக்கு. தண்ணீர் கேன் தீரப் போவதை அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவார். ஒரு தடவை, "லிஃப்ட் மோட்டார் முனகுது, ஆளக் கூப்பிடுங்க" என்றார். மேனேஜர் சிரித்தார். இரண்டு நாள் கழித்து அதே மேனேஜர் அதே லிஃப்டுக்குள் முக்கால் மணி நேரம் நின்றார். இப்படிப்பட்டவருக்கு, பக்கத்திலேயே இருந்த ஒரு ஆள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழவில்லை. நான் சொல்லப்போவது அந்தக் கதைதான். பாதி அவர் சொன்னது, பாதி நான் கூட இருந்து பார்த்தது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னை ரொம்ப நல்லவளா காட்டாத" என்றார்.

அக்காவின் அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவும் தம்பியும் அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் போய் உட்கார்ந்திருப்பார்கள், அம்மாவின் ஷிஃப்ட் முடியும்வரை. அங்கே ஸ்பீக்கரில் ஒரே ஒரு கேசட் திரும்பத் திரும்ப ஓடும். எங்கேயோ எண்பதுகளில் செய்த வெளிநாட்டு நடனப் பாட்டுகள். கண்ணாடி உடைகிற மாதிரி மினுங்கும் சிந்தசைசர், மனிதக் கை படாத இயந்திரக் கைத்தட்டல், பின்னால் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கிட்டார். பாடியவர்களின் மொழி அந்தக் கேன்டீனில் யாருக்கும் தெரியாது. தெரியாத மொழிக்கு அத்தனை பேரும் காலால் தாளம் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"எனக்குப் பாட்டுன்னா அதுதான்" என்பார் அக்கா. "பாடுறவங்க வாயில வர்றதும் ஒரு வாத்தியம். அதுக்கு அர்த்தம் இருக்கும்னு எனக்குத் தோணினதே இல்ல."

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் பழைய சிந்தசைசர் ஒன்றை வாங்கிவந்தார். பார்க்கக் கீபோர்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் ஒலியை நாமே பிசைந்து உருட்டிக்கொள்ளலாம். ஒரு குமிழைத் திருப்பினால் மழை, இன்னொன்றைத் திருப்பினால் தகரம். கூண்டுக்குள் நோயாளிகளுக்குக் கொடுக்கும் வெறும் ஒலியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டை மாட்டி, பொட்டு வைத்து ஆடவிட்டார் என்று சொல்லலாம்.

கணவரைச் சந்தித்தது டிரைவிங் ஸ்கூலில். அவர்தான் அங்கே மாஸ்டர். அக்கா இரண்டு தடவை தேர்வில் தோற்றார். கியர் மாற்றவேண்டிய இடத்தில் மாற்றாமல், இன்ஜின் எந்த சுரத்துக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படித் தேறுவது? "மேடம், இது வண்டி. ஆர்மோனியம் இல்ல" என்று மாஸ்டர் சொன்னாராம். மூன்றாவது தடவை தேறினார். அந்த மாதமே மாஸ்டர் தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் இவரை மேடம் என்றும், இவர் அவரை மாஸ்டர் என்றும்தான் அழைத்துக்கொண்டார்கள்.

இரண்டு அறை வீடு. ஒன்றில் தூங்குவார்கள், சமைப்பார்கள், சண்டை போடுவார்கள். மற்றதில் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்துப் பாட்டு. அக்காவின் தம்பிக்காரர் டிரம்ஸ். அவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். நாள் முழுக்க விரலால் டைல்ஸைத் தட்டி, அடியில் பொள்ளலா கெட்டியா என்று கண்டுபிடிப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே விரல்கள் டிரம்ஸுக்கு வரும். "ஆறு நாள் முட்டி போட்டுத் தட்டுறேன், ஏழாவது நாள் உக்காந்து தட்டுறேன். எனக்கு எங்க லீவுக்கா?" என்பார். சிந்தசைசர் அக்கா. கிட்டாரும் குரலும் மாஸ்டர். வார்த்தைகள் எழுதுவதும் மாஸ்டர்தான்.

எட்டு வருஷம் அங்கே இங்கே வாசித்துவிட்டு, ஒரு முழு ஆல்பம் செய்வோம் என்று இறங்கினார்கள். கேன்டீன் கேசட்டில் கேட்ட அந்தப் பழைய ஒலி இருக்கவேண்டும், ஆனால் இன்றைக்கு இருபது வயதுக்காரன் கேட்டாலும் கால் சும்மா இருக்கக் கூடாது. இதுதான் அக்கா போட்ட ஒரே நிபந்தனை. ஒன்பது பாட்டு. பெயர்: 'இடது பக்கம் சிக்னல்'. பாதி தலைப்புகள் மாஸ்டரின் வகுப்பிலிருந்து வந்தவை.

அதற்குப் பதினொரு மாதம் ஆனது.

அந்தப் பதினொரு மாதமும் அக்கா எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். ஆறு மணிக்கு என் மேசையைத் தாண்டிப் போகும்போதே பாதி ஆள் வீட்டில் இருப்பார். போனதும் கைகால் கழுவிவிட்டு மெத்தை அறைக்குள் நுழைவார், ஹெட்போனை மாட்டுவார். மாஸ்டருக்கு விடிகாலை ஐந்தரைக்கு முதல் வகுப்பு. ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார். அதற்கு முன் ஒரு தடவையாவது டீயோடு வந்து கதவில் நிற்பார். அக்கா திரும்பாமலே ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவார், ஒரு நிமிஷம் என்று. டீ மேசைமேல் ஆறும். மாஸ்டர் போய்விடுவார். காலையில் அந்தக் கோப்பையைக் கழுவுகிறவரும் அவர்தான்.

அவ்வப்போது ஒரு தாளை நீட்டுவார், புதுப் பாட்டின் வரிகள். அக்கா விரலால் அசைகளை எண்ணிப் பார்ப்பார். "ரெண்டாவது வரியில ரெண்டு எழுத்து கூட இருக்கு. குறைச்சிடு." அவ்வளவுதான். குறைத்துக்கொண்டு வருவார். அக்கா அவரைப் பாடவைப்பார். ஒரே வரியை முப்பது, நாற்பது தடவை. சுருதி சேரும்வரை விடமாட்டார். அவர் குரல் கொஞ்சம் மெல்லியது என்பதால் சுற்றிலும் சிந்தசைசரை அடுக்கடுக்காக எழுப்பி, குரலை நடுவில் புதைத்து வைப்பார். கேட்க அழகாகத்தான் இருந்தது. மதிய இடைவேளைகளில் எனக்கும் போட்டுக் காட்டுவார். என்ன பாடுகிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை. கழுத்து மட்டும் தானாக ஆடும்.

பதினொன்றாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அந்த அம்மாள் வந்தார்.

ரயில் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் வண்டிகளின் வருகை, புறப்பாட்டை அறிவித்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. இரண்டு காதும் மெல்ல மெல்ல அடைத்து, ஆறு வருஷமாக வீட்டில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவருக்குப் புதிய கருவி பொருத்தினோம். பொருத்தியபின் ஒரு சோதனை உண்டு. அக்கா ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வார். நோயாளி அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். கையெழுத்து வாங்க நான் படிவத்தோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"மரம்" என்றார் அக்கா.

"மரம்" என்றார் அந்த அம்மாள். அடடா, என்ன குரல்! மூன்றாவது நடைமேடைக்கு மரம் வந்து சேர்ந்துவிட்டது போலிருந்தது.

இருபது வார்த்தையில் பத்தொன்பது சரி. அம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஏம்மா, இதுல பாட்டு கேக்குமா? பாட்டு கேட்டு வருஷக்கணக்காச்சு" என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்தார். அதில் அவர் ஆல்பம்தானே இருக்கும்? மூன்றாவது பாட்டு. அதற்கு முந்தின வாரம், குரல் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக, வாத்தியங்களையெல்லாம் அடக்கிவிட்டுக் குரலை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தார். தெளிவாகக் கேட்கட்டும் என்று அதைப் போட்டார்.

அம்மாள் இன்னும் சோதனை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மாஸ்டர் ஒரு வரி பாடி நிறுத்தியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வரியைத் திருப்பிச் சொன்னார். அதுவும் எப்படி? முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், பேச்சுத் தமிழ் அவர் வாயில் தானாகவே அறிவிப்புத் தமிழாக மாறியது.

"இடது பக்கம் சிக்னல் போட்டேன். நீ பார்க்கவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தார்.

"வேகத்தைக் குறைத்தேன். நீ கேட்கவில்லை."

போனில் மாஸ்டர் அடுத்த வரிக்குப் போனார். அம்மாள் கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டார்.

"உன் கதவில் தினமும் நிற்கிறேன். ஒரு விரல் என்னைத் திருப்பி அனுப்புகிறது."

அக்காவின் சிரிப்பு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி அவர் தலை லேசாகத் திரும்பியது.

"உன் வீட்டில் நான் இல்லை. நெடுநாளாக இல்லை. நான் புறப்பட்டுவிட்ட சத்தம் இன்னும் உனக்கு எட்டவில்லை."

பாட்டு முடிந்தது. அம்மாள் கண்ணைத் திறந்து, "எல்லாம் சரியா சொன்னேனாம்மா?" என்றார்.

"சரியா சொன்னீங்கம்மா" என்றார் அக்கா. "ஒண்ணுகூடத் தப்பில்ல."

"நல்ல குரல். ஆனா பாவம், எந்தப் பொண்ணுகிட்டயோ சொல்ல முடியாமத் தவிக்கிறான் அந்தப் பையன்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவைச் சாத்தினால் வெளியிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம்கூட உள்ளே போகாது. ஹெட்போனோடு, மடியில் எங்கள் மருத்துவமனைப் படிவத்தின் பின்பக்கத்தை வைத்துக்கொண்டு எழுதினார். ஒன்பது பாட்டையும் ஒரு வரி விடாமல். எங்கள் இடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாத பழமொழி ஒன்று உண்டு, செவிடன் காதில் சங்கு ஊதுவது பற்றி. வெளியே வந்த அக்கா தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் அதைச் சொன்னார். "அது நான்தான்டி" என்றார். பிறகு இன்னும் நான்கு பேருக்குச் சோதனை செய்தார். சத்தம் கேட்டதும் அமுக்குங்க.

வீட்டுக்குப் போனபோது மாஸ்டர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அங்கே நடந்ததை அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். வரிக்கு வரி சொன்னார்.

"மூணாவது பாட்டு யாரைப் பத்தி?"

"என்ன கேள்வி இது மேடம்?"

"யாரைப் பத்தி?"

"நம்மளப் பத்திதான். மூணாவது மட்டுமா, ஒன்பதும்தான்."

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

விளையாடுகிறார் என்று நினைத்து மாஸ்டர் முதலில் சிரித்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து ஸ்விட்சை அணைத்தார்.

"உன் கையில பேப்பரா குடுத்தேனே" என்றார். "நீ படிச்சுட்டு, ரெண்டு எழுத்து குறைக்கச் சொன்ன. அன்னைக்குப் பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன். சரி, கல்லு மாதிரி இருக்கா, இதுதான் இவ பதில்னு நெனச்சேன். அடுத்த பாட்டுல இன்னும் பச்சையா எழுதினேன். நீ அதுக்கு ஆடுற மாதிரி தாளம் போட்ட. ஆறாவது பாட்டுல 'போகட்டுமா'ன்னு நேராவே கேட்டேன். அந்த இடத்துல நீ கைத்தட்டல் சேர்த்த."

அக்கா இஸ்திரி போட்ட சட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாயால சொல்லியிருக்கலாம்ல, மாஸ்டர்?"

"எத்தனை தடவை வந்தேன்? விரலைக் காட்டுவ."

"வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல. இருந்திருந்தா உனக்குத் திட்டறதுக்காவது ஒரு ஆள் கிடைச்சிருக்கும்."

வேறு ஊரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. ஆல்பம் வெளியீடு முடிந்த மறு வாரம் கிளம்புவதாக ஏற்பாடு. அக்காவும் இதையெல்லாம் ஏற்றுக்கொண்டுவிட்டார், இருவருமாகச் சேர்ந்து கடைசியாக நல்லபடியாக ஒரு காரியம் செய்து முடிக்கிறோம் என்றே மாஸ்டர் இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

"நான் மாறிக்கறேன்" என்றார் அக்கா. "நாளைக்கே அந்த ரூமைப் பூட்டிடறேன்."

"நீ மாறுவ. சொன்னா செய்யற ஆளு நீ, எனக்குத் தெரியாதா?" மாஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆனா எங்கிட்டதான் ஒண்ணுமில்ல. ஒவ்வொரு வரியையும் நாப்பது தடவை பாடவெச்சியே, முதல் பத்து தடவை நெஞ்சு வலிச்சுது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வலி போயிடுச்சு. நாப்பதாவது தடவை அது வெறும் பாட்டு. அப்பிடியே எல்லாம் தீந்துபோச்சு மேடம். நான் வேணும்னு செய்யல."

அக்கா சொன்னதில் எனக்கு இதுதான் தாங்கவில்லை. சுருதி சேரட்டும் என்று அவரே உட்கார்ந்து, தடவைக்குத் தடவை, தன்மேல் இருந்த பிரியத்தை அந்த மனிதரிடமிருந்து துடைத்து எடுத்திருக்கிறார்.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒலிக்கலவை இன்னும் முடியவில்லை. வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றார் மாஸ்டர். அக்கா ஒப்பவில்லை. ஆனால் இப்போது ஹெட்போனை மாட்டினால் வாத்தியம் எதுவும் காதில் ஏறவில்லை, வார்த்தைகள் மட்டும்தான் வந்தன. இப்படி ஒரு துக்கத்துக்கா நான் ஆட்டம் போட்டேன் என்று கூசிப்போய், மூன்றாவது பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, தாளத்தை எடுத்துவிட்டு, ஒரே ஒரு நீண்ட சிந்தசைசர் ஒலியை மட்டும் அடியில் ஓடவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்காரருக்குப் போட்டுக் காட்டினார்.

அவர் கடைசிவரை கேட்டார். "அக்கா, இழவு வீட்டுல போடலாம்" என்றார்.

"உனக்குத் தெரியுமாடா? வார்த்தையெல்லாம்?"

"தெரியும்க்கா." தம்பிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உனக்கும் தெரியும்னுதான் நெனச்சேன். அக்கா எப்பிடி இவ்ளோ தைரியமா இருக்கான்னு வீட்ல சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டேன்."

"நீயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் என்னத்தக் கேக்க? மச்சானும் நீயும் பாட்டுலயே பேசித் தீத்துக்கறீங்க போலன்னு விட்டுட்டேன்." பிறகு சொன்னார்: "பழைய வேகத்துலயே விடுக்கா. மச்சான் இதை ஆடுற பாட்டுன்னு நெனச்சுத்தான் இவ்ளோ தூரம் மனசைத் திறந்திருக்கார். மெதுவாப் பாடியிருந்தா அவராலயே முடிஞ்சிருக்காது."

அக்கா வேகத்தைப் பழையபடி வைத்தார். கைத்தட்டல், கிட்டார், எல்லாம் அப்படியே. ஒன்றே ஒன்று மட்டும் செய்தார். ஒன்பது பாட்டிலும் மாஸ்டரின் குரலைப் புதைத்து வைத்திருந்த இடத்திலிருந்து வெளியே எடுத்தார். சிந்தசைசர்களை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் அந்த மெல்லிய குரலை அதன் மூச்சோடும் பிசிறோடும் நிறுத்தினார். மாஸ்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் 'எல்' போர்டு வண்டியில் உட்கார்ந்து இருவரும் முழுவதையும் கேட்டார்கள். முடிந்ததும் மாஸ்டர் பாட்டை அணைத்தார்.

"இப்பத்தான் நான் இதுக்குள்ள இருக்கேன்" என்றார்.

"இருந்துடேன்" என்றார் அக்கா.

மாஸ்டர் வண்டியைக் கிளப்பினார்.

வெளியீடு ஒரு பழைய ஸ்கேட்டிங் அரங்கத்தில், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். இருநூறு பேர் இருக்கும். தகரக் கூரையில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. முதல் பாட்டு இரண்டு நிமிஷம் ஓடுவதற்குள் மொத்தக் கூட்டமும் ஆடத் தொடங்கிவிட்டது. விஷயம் தெரிந்த நானே ஆடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்க முடியாது அந்தத் தாளத்துக்கு. என் வீட்டுக்காரர் தன் கல்யாணத்தில்கூடக் கையைத் தூக்காதவர். அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ஆறாவது பாட்டு வந்தது. மாஸ்டர் 'போகட்டுமா' என்று பாடுகிற இடத்தில் இயந்திரக் கைத்தட்டல் வரவேண்டும். அக்கா அன்றைக்கு அதை அணைத்து வைத்திருந்தார். அந்த ஒரு இடமாவது அமைதியாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். மாஸ்டர் பாடினார். இயந்திரம் தட்டவில்லை. ஆனால் இருநூறு பேரும் தட்டினார்கள், தாளம் அப்படி. கூரை அதிர்ந்தது. இரண்டாவது தடவை 'போகட்டுமா'. மறுபடியும் தட்டினார்கள், இன்னும் பலமாக, சிரித்துக்கொண்டு.

அக்காவுக்கு முன்னால் மைக் கிடையாது. அவர் பாடுகிறவர் இல்லை. ஆனால் என் வேலையில் வாயசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். காது கேளாதவர்களோடு பன்னிரண்டு வருஷம் இருந்தால் அது தானாக வரும். மூன்றாவது தடவை மாஸ்டர் 'போகட்டுமா' என்று கேட்டபோது, கைகள் கட்டைகள்மேல் ஓடிக்கொண்டிருக்க, அக்கா நிமிர்ந்து அவர் முதுகைப் பார்த்து "போகாத" என்றார். நான்காவது தடவையும் சொன்னார். மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். கைத்தட்டலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நான் ஆடுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்து வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றேன்.

அடுத்த புதன்கிழமை காலை மாஸ்டர் கிளம்பினார். இரண்டு பை, ஒரு கிட்டார். அக்கா லீவு போடவில்லை. பத்தே காலுக்கு என் மேசைக்கு வந்து, "இன்னைக்கு எத்தனை பேர்?" என்று கேட்டார். ஒன்பது பேர் என்றேன். "பத்து பதினஞ்சு பேரா இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

ஆல்பம் நன்றாகவே போனது. பெரிய புகழ் என்றில்லை. ஆனால் உடற்பயிற்சிக் கூடங்களில் போட்டார்கள், கல்லூரி விழாக்களில் போட்டார்கள், ஒரு தடவை சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு அடுக்குக்கு முன்னால் நிற்கும்போது நானே கேட்டேன். நான்கு ஊர்களிலிருந்து வாசிக்கக் கூப்பிட்டார்கள். பாடுகிறவர் இல்லை என்று தம்பிக்காரர் பதில் எழுதினார். வேறு ஆளை வைத்துப் பாடலாமே என்றும் சிலர் கேட்டார்கள். அக்கா அதற்கு ஒப்பவில்லை. "அந்த வார்த்தை என்கிட்ட சொன்னது. வேற யாரு வந்து சொல்றது?" என்றார்.

ஒரு வருஷம் கழித்து பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இருவரும் ஓர் அலுவலகத்தில் சந்தித்தார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். பிரிவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மாஸ்டர் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார், அக்காவும் யோசித்தார். கடைசியில் குமாஸ்தாவே 'இருவர் சம்மதத்துடன்' என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்து மூன்று பேரும் டீ குடித்தோம். மாஸ்டர் அக்காவின் டீயில் ஆடையை எடுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தார். கை அதன்பாட்டில் செய்தது. இருவருமே அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

மெத்தை அறையை அக்கா பூட்டவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போவதும் குறைந்தது. மாறிக்கொள்கிறேன் என்று சொன்னவர் உண்மையிலேயே மாறினார். இப்போது யாராவது பேச வந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்து கேட்பார். நோயாளிகளின் மருமகள் கதை, மாடி வீட்டுத் தண்ணீர்க் கதை, எல்லாம். என் கதைகளையும் கேட்பார். நடுநடுவே அவர் கண் கலங்கும். என் மாமியார் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்த கதைக்குக் கண் கலங்க என்ன இருக்கிறது? யாருக்காகச் சேர்த்துவைத்த கவனத்தை எனக்குக் கொடுக்கிறார் என்று தெரியும், அதனால் ஒன்றும் கேட்பதில்லை.

போன மாதம் தம்பிக்காரர் மாஸ்டர் இருக்கும் ஊரில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டப் போய்வந்தார். திரும்பிய அன்று மருத்துவமனைக்கே வந்தார், அக்காவைப் பார்க்க. முன்மேசைப் பக்கம் நின்றுதான் பேசினார்கள்.

"மச்சான் கல்யாணம் பண்ணிக்கிட்டாருக்கா. அங்க ஸ்கூல் டீச்சராம். நல்ல மாதிரியா இருக்காங்க. என்னையச் சாப்பிடச் சொன்னாங்க."

அக்கா தலையாட்டினார். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"நல்லது. அவங்களை நொந்துக்க நமக்கு என்ன இருக்கு?" பிறகு கேட்டார். "பாடறாரா?"

தம்பிக்காரர் சொல்லலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய?

"இல்லக்கா. விட்டுட்டாராம். கிட்டாரையும் யாருக்கோ குடுத்துட்டாரு. நானும் கேட்டேன், ஏன் மச்சான்னு. சந்தோஷமா இருக்கேன்டா, எதுக்குப் பாடணும்னு கேட்டாரு."

கல்யாணச் செய்தியை நின்றபடியே வாங்கிக்கொண்டவர், இதைக் கேட்டதும் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாற்பது தடவை பாடவைத்த குரல் அது. தம்பிக்காரர் அவர் தோளைத் தொட வந்து, சிமெண்ட் படிந்த கையைப் பார்த்து, அதைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு அப்புறம் தொட்டார்.

வரிசையில் ஏழு பேர் காத்திருந்தார்கள். முதல் ஆளை உள்ளே அனுப்பவா என்று கேட்டேன். ரெண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அக்கா முகம் கழுவப் போனார்.